இணுவில் ஒழுங்கைக் கராஜும் அப்பாவின் மொறிஸ் மைனரும்

பெயர்ப்பலகை இல்லாத கராஜுக்கு எப்படி வழி சொல்வது? யாழ்ப்பாணத்து இணுவிலில், கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலிருந்து மேற்குப் பக்கமாகப் போகிற ஒழுங்கை ஒன்றில், எஞ்சின் இல்லாத ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று படலையோடு நிற்கும். அதன் பொனற்றுக்குள்ளால் ஒரு பப்பாசி மரம் எழும்பிக் காய்த்திருக்கிறது. அந்தப் படலைதான். பழைய இங்கிலீசுக் கார் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் அவசரமென்றால் போகவேண்டாம். எனக்கு அங்கே 24 நாள் சென்றது.

எங்களுடையது 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1098 சி.சி., நாலு சிலிண்டர். அப்பா 1974இல் ஒரு டொக்டரிடம் வாங்கினது. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து மானிப்பாய்க்கு வந்ததே அதில்தான். 2021இல் அப்பா போன பிறகு திறப்பு என் கைக்கு வந்தது. தம்பிமார் இரண்டு பேரும் வெளிநாட்டில். 'வித்துவிடுங்கோ அக்கா, நல்ல விலை போகும்' என்று ஒருவன் சொன்னான். மற்றவன் சொல்லவில்லை, நினைத்தான்.

பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை எங்கள் சந்தி தாண்டி நின்றது. யூலையில் கியூ.ஆர். அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். வரிசையில் நிற்க எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகப் பழகிவிட்டேன். கார் கொட்டிலுக்குள் நின்றது. ஆனால் 'எஞ்சினைச் சும்மா விடக்கூடாது' என்பது அப்பாவின் வேதம். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சாமி விளக்குக் கொளுத்துவது மாதிரி, குளிர் எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கை முழுக்க இழுத்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டுவேன். சனம் பெற்றோலுக்கு அலைந்த நாளில்கூட அந்த ஐந்து நிமிடத்தை நான் தவறவிடவில்லை. பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

திரும்ப ஓடத் தொடங்கியபோது ஆரம்பத்தில் லேசான நடுக்கம்தான். சூடேறினால் சரியாகிவிடும். போன மார்கழியில் ஒருநாள் காலை ஸ்ரார்ட் செய்ய, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றர் 'பட்' என்று திருப்பித் துப்பியது. காற்றுவடிகட்டிப் பக்கத்தால் ஒரு புகைச் சுருள் வந்தது. பிறகு எஞ்சின் ஓடியது, ஆனால் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறி உதறி. சண்டிலிப்பாய் மட்டும் போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு தரம் நின்றுவிட்டது.

முதலில் செய்தது மடத்தனம். உதிரிப்பாகக் கடையில் 3,800 ரூபா கொடுத்து ஒரு போத்தல் வாங்கினேன். பெற்றோல் தாங்கிக்குள் ஊற்றினால் உள்ளே இருக்கிற காபன் எல்லாம் கரைந்து சைலன்சரால் போய்விடுமாம். நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அப்படியிருந்தும் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்தது பட்டணத்தில் ஒரு கராஜ். பெயர் வேண்டாம். நிலத்துக்கு ரைல்ஸ் பதித்த, கொம்பியூற்றர் எல்லாம் உள்ள இடம். அங்கே நின்ற பொடியன் மில்லிமீற்றர் ஸ்பானரைக் கொண்டு அங்குல நட் ஒன்றைச் சுற்றி, அதன் மூலைகளை எல்லாம் வழித்துப்போட்டான். முதலாம், இரண்டாம் சிலிண்டர்கள் இரண்டும் வேலை செய்யவில்லை, ஹெட் காஸ்கெற் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற தகடு) போயிருக்கும், இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங், எப்படியும் எஞ்சினை இறக்கி றீபோர் செய்யவேண்டும், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெருப்பிக்கவேண்டும் என்றான். கூலி மட்டும் 1,85,000 ரூபா. சாமான் தனி. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. தம்பிக்குப் போன் எடுக்கப்போய் எடுக்காமல் விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் இணுவிலைச் சொன்னார். அவரே தன் லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் வந்தார். மானிப்பாயிலிருந்து உடுவில் வழியாக, லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் படித்த பிள்ளைகள் நாலுபேர் பார்க்க, ஊர்வலம் போனேன்.

கராஜ் நடத்துகிற அண்ணைக்கு அறுபதுக்குக் கிட்ட இருக்கும். சாரம், வெறும் மேல், காதில் ஒரு பென்சில். வந்தவுடன் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கேட்டார்: "என்ன செய்யுது கார்?" அவர் என்னைக் காட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "துப்புறது குளிரிலையோ சூட்டிலையோ?" என்றார். குளிரில் அதிகம், சூடேறினாலும் துப்புவது நிற்கவில்லை என்றேன். "பிளக் கழட்டிப் பாத்தனீங்களோ?" பார்த்தேன், நாலிலும் இரண்டாவது ஈரம், எண்ணெய்ப் பிசுக்கு என்றேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து நான் ரீச்சர்.

அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இனி வருகிற அரை மணித்தியாலம்தான். ஸ்பானர்ப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை. நாலு பிளக்கையும் கழற்றினார், அவ்வளவுதான். முன்னால் எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹாண்டிலைப் போட்டார். "ரீச்சர், முதலாவது ஓட்டையிலை பெருவிரலை வையுங்கோ" என்றார். வைத்தேன். ஹாண்டிலைச் சுற்ற, உள்ளேயிருந்து காற்று விரலைத் தூக்கி எறிந்தது. "இனி ரெண்டாவது." வைத்தேன். ஒன்றும் இல்லை. சிலிண்டர் மூச்சே விடவில்லை. மூன்றும் நாலும் முதலாவது மாதிரியே விரலைத் தள்ளின. அப்போ பட்டணத்துப் பொடியன் சொன்ன இரண்டு சிலிண்டர் கணக்கு எங்கே? முதலாவது நல்லாய்த்தானே இருக்கிறது?

அவர் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு நுனியைக் காபரேற்றரின் வாயில் வைத்து மற்ற நுனியைத் தன் காதில் வைத்தார். என்னைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். தலையை ஆட்டிவிட்டு ரியூப்பை எனக்குத் தந்தார். இரண்டாவது பிஸ்டன் மேலே ஏறும்போதெல்லாம் காபரேற்றருக்குள் ஒரு நீண்ட பெருமூச்சுக் கேட்டது. அமுங்கவேண்டிய காற்று வந்த வழியாலேயே திரும்பிப் போகிறது. அடுத்து ஒரு கரண்டி ஒயிலை இரண்டாவது பிளக் ஓட்டைக்குள் விட்டு மறுபடி சுற்றினார். ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைத்து, அமுக்கம் கொஞ்சமாவது ஏறும். ஏறவில்லை.

"ரிங் இல்லை, காஸ்கெற்றும் இல்லை. பெற்றோல் உள்ளுக்கு வாற வால்வு. திறந்தபடி ஒட்டிப்போச்சு."

இந்த எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் பெற்றோல் காற்றுப் போக இரண்டே வாசல்தான். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒன்று, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஒன்று. இரண்டாவது தன் காற்றைத் திருப்பி அந்த வாசலுக்குள் துப்பினால், அதே வாசலால் மூச்செடுக்கிற முதலாவதும் திணறும். ஓடும்போது இரண்டும் செத்தது மாதிரித் தெரிவது அதனால்தான். காஸ்கெற் இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் எரிந்தாலும் இதே கோலம்தான் தெரியும். பொடியன் ஏமாற்றினான் என்று சொல்லமாட்டேன். பெருவிரலை வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகுதான் மேல்மூடியைக் கழற்றினார். எட்டு வால்வும் வரிசையாக நிற்கின்றன. முன்னாலிருந்து மூன்றாவது, அதாவது இரண்டாம் சிலிண்டரின் உள்வழி வால்வு, மற்றவற்றைவிடப் பதிந்து கிடந்தது. ஸ்பிரிங் மேலே தள்ளப்பார்க்கிறது, தண்டு வரமாட்டேன் என்கிறது. அதை அமத்துகிற ரொக்கரை விரலால் ஆட்ட, ஆடுகிற பல் மாதிரி 'கடக் கடக்' என்றது. தண்டின் அடியில் மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, "நாளைக்கு வாங்கோ" என்றார்.

அடுத்த நாள் நடந்ததை நான் பார்க்காமல் விட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இரண்டாவது பிஸ்டனைக் கீழே இறக்கினார். உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கொடியை எடுத்து, பிளக் ஓட்டைக்குள்ளால் ஒரு முழத்துக்கு மேல் உள்ளே தள்ளினார். வெளியே நிற்கிற நுனியில் ஒரு முடிச்சு, தவறி உள்ளே போகாமல் இருக்க. பிறகு ஹாண்டிலை ஒரு கையால், தயிர்ச் சட்டியைத் தூக்குகிறவர் மாதிரி, மெதுவாக மேலே கொண்டுவந்தார். பிஸ்டன் ஏற, கயிறு சுருண்டு பந்தாகி, வால்வின் முகத்தை அடியிலிருந்து தள்ளுகிறது. இரும்பு இரும்பில் முட்டாது, கயிறுதான் முட்டும். ஓரிடத்தில் ஹாண்டில் இறுகியது. இன்னும் ஒரு விரற்கடை. 'டக்' என்று மேலே ஒரு சத்தம். மூன்றாவது வால்வு மற்ற ஏழோடும் சமமாக வந்து நின்றது.

கயிற்றை இழுத்தெடுத்து, பிளக்கைப் பூட்டி ஸ்ரார்ட் செய்தோம். நாலிலும் ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும் அண்ணை, எவ்வளவு?" என்றேன்.

அவர் எஞ்சினை நிற்பாட்டினார். "இப்ப ஓடும் ரீச்சர். வாற கிழமை திரும்ப ஒட்டும். ஏன் ஒட்டினது எண்டு பாக்கவேண்டாமோ?"

அந்த இடத்தில் வேறு ஒருவர் காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார், நானும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொண்டேன். தண்ணீரை வடித்து, ஒன்பது நட்டையும் ஒவ்வொன்றாக முழுக்கக் கழற்றாமல், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு பக்கத்தை மட்டும் விட்டால் ஹெட் வளைந்துபோகுமாம்.

ஸ்பிரிங்கை அமத்தி வால்வை உருவி என் கையில் தந்தார். மொறிஸ் மைனரின் உள்வழி வால்வு ஒரு காளான் மாதிரி இருக்கவேண்டும்: மெல்லிய தண்டு, அகன்ற குடை. என் கையில் இருந்தது பனங்கட்டிப் பாகு அடிப்பிடித்த தாச்சிக்குள் விழுந்து எழும்பின காளான். குடையின் முதுகும் தண்டின் கீழ்ப்பாதியும் கறுத்து, மொத்தித்து, பளபளத்தன. நகத்தால் சுரண்ட வரவில்லை. குடையின் மற்றப் பக்கம், நெருப்பு எரிகிற பக்கம், வேறு மாதிரி. அங்கே வெறும் புகைக்கரி, ஊதினால் பறக்கிறது.

"ரெண்டு கரியும் ஒண்டில்லை" என்றார். காய்ந்த கரி சோக்கின் வேலை. பெற்றோல் கூட, காற்றுக் குறைவு, முழுக்க எரியவில்லை. பளபளக்கிற கரி ஒயிலின் வேலை. வால்வுத் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. அது காய்ந்துபோனால், எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் மேலேயிருக்கிற ஒயிலையும் தண்டு வழியாக உறிஞ்சும். அந்த ஒயில் சூடான குடையில் விழுந்து வறுபடும். அப்பாவின் காரில் அந்த வளையங்கள் தொட்டவுடன் மிளகு மாதிரி நொறுங்கின.

மீதியை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாட்பட்ட பெற்றோல் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகும். அது நான் கரும்பலகையில் எழுதுகிற பாடம். என் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடத்தில் எஞ்சின் ஒருநாளும் சரியாகச் சூடேறவில்லை. சோக்கை இழுத்து, பழைய பெற்றோலை அள்ளிக் கொடுத்து, கரியும் பிசினும் படியவைத்து, அது எரிந்து போவதற்கு முதல் நிற்பாட்டி, ஒரு கிழமை இறுகவிட்டு, அடுத்த வெள்ளி அதற்குமேல் இன்னொரு பூச்சு. இரண்டு வருடத்துக்கு மேல் நூறு பூச்சுக்குக் குறையாது. காரை நான் பார்த்த பார்வை அது.

"ஐஞ்சு நிமிசம் வேண்டாம் ரீச்சர். ஒண்டில் இருபது கட்டைத் தூரம் ஓடுங்கோ. இல்லாட்டித் தொடாதேங்கோ."

போத்தல் மருந்தைப் பற்றியும் கேட்டேன். சிரிக்கவில்லை. "சோறு அடிப்பிடிக்க முதல் கிளறவேணும். பிடிச்சாப்பிறகு தண்ணி விட்டு என்ன பிரயோசனம்?" நல்ல எஞ்சினை நல்லபடி வைத்திருக்க அது உதவலாம். இறுகின கரிக்கும் தண்டைக் கவ்விப் பிடித்த பிசினுக்கும் அது ஒன்றும் செய்யாது.

காபனோடு அவருக்கு இருக்கிற பழக்கம் இன்றைய பழக்கமில்லை. வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட அன்று பின்னேரம், பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொன்னார். வேலை பழகினது 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். பெற்றோல் தடை. எங்கள் வயதுக்காரருக்கு அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கும்: கார், மோட்டார்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொன் மாதிரிப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் நாலு துளி பீய்ச்சி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பாவின் மைனரும் அப்படித்தான் ஓடினது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினதும் மண்ணெண்ணெயில்தான். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலகுவாக ஆவியாகாது. பாதி ஈரமாகவே உள்ளே போகும், பாதி எரியும், மீதி கரியாகும், கொஞ்சம் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். "ஹயர் கார் எண்டால் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஹெட் கழட்டுவம். நான் கரி சுரண்டித்தான் தொழில் பழகினனான்" என்றார். ஸ்பானர் தொட விடுவதற்கு முதல் ஒரு வருடம் சுரண்டல் மட்டும்தானாம்.

இந்தக் கதையை ரொறொன்ரோவில் இருக்கிற அக்காவின் மகனுக்குச் சொன்னேன். அவனுடைய புதுக் காருக்கும் போன வருடம் இதே காபன் சுத்திகரிப்புச் செய்தார்களாம். அந்த எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது, வால்வின் முதுகைக் கழுவ ஒரு சொட்டும் போவதில்லை. அதனால் ஒயில் ஆவி அங்கேயே படிந்து காய்கிறது. வால்நட் கொட்டையின் ஓட்டைத் தூளாக்கி, காற்றோடு அடித்துச் சுத்தம் செய்தார்களாம். அண்ணைக்குச் சொன்னேன். "ஓடு நல்ல சாமான். இரும்பைக் கீறாது" என்றுவிட்டு, கொஞ்ச நேரம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரட்டையை இடித்துப் பார்க்கப்போகிறாரோ தெரியாது.

சுரண்டல் இரண்டு நாள் நடந்தது. நாலு உள்வழி வால்விலிருந்தும் வந்த கரியை ஒரு மருந்துப் போத்தலில் போட்டு எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத் தராசில் நிறுத்தேன்: 9 கிராம். வால்வுத் தண்டை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டி வளைவு பார்த்தார். வளையவில்லை, கயிறு காப்பாற்றியிருக்கிறது. தண்டு ஓடுகிற கைட்டைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது, மாற்றுகிற அளவில்லை என்றார். பிஸ்டன் தலைக் கரியை மட்டும் மரச் சீவலால் எடுத்தார், அது அலுமினியம். அதிலும் ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் சுரண்டாமல் விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, அதையும் எடுங்கோ என்றேன். "பழைய எஞ்சின் ரீச்சர். உந்தக் கரிதான் ஒயில் மேலை ஏறாமல் மறிக்குது. விடுங்கோ." விட்டேன்.

வால்வு அரைப்பதில் ஒன்றை எனக்குத் தந்தார். வால்வின் இருக்கையில் கரகரப்பான பேஸ்ற்றைப் பூசி, நுனியில் ரப்பர்க் கிண்ணம் உள்ள தடியை வால்வு முகத்தில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்து மாதிரிக் கடையவேண்டும். பத்துக் கடைசலுக்கு ஒருதரம் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் தேயும். முதலில் 'கர்ர்' என்ற சத்தம் பிறகு 'சர்ர்' என்று மெலிகிறது. துடைத்துப் பார்த்தால் சுற்றிவர, எங்கும் அறாத ஒரு சாம்பல் வளையம். என்னுடையதில் ஓரிடம் அறுந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். மறுபடி கடைந்தேன். எல்லாம் முடிய, வாசல்களுக்குள் மண்ணெண்ணெய் நிரப்பி, அடியில் உதயன் பேப்பரை விரித்து, இரவு முழுக்க விட்டார். காலையில் பேப்பரில் ஒரு பொட்டும் இல்லை.

பூட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோர்க் றென்ச்தான். நடு நட்டிலிருந்து வெளியே போய், 40 அடி இறாத்தலுக்கு, இரண்டு சுற்று. கையால் இறுக்கிக் 'காணும்' என்கிற ஆளில்லை. ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் ரொக்கருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி, 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு), குளிரில்.

இனிக் குறைகள். ஒரு கிழமை என்றுதான் சொன்னார். காஸ்கெற் செற் கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். முதல் வந்த பார்சல் பிழை. (இதே குடும்ப எஞ்சின் மினிக்கும் போட்டு 2000ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டதால் சாமான் இன்னும் கிடைக்கிறது, ஆனால் கடைக்காரர் எல்லா அளவையும் ஒன்றென்று நினைக்கிறார்.) பிறகு மருமகனின் கலியாணம். பிறகு மழை. போன் எடுக்கமாட்டார், போன் வீட்டுக்குள், அவர் கொட்டிலுக்குள். நேரே போனால் மட்டும்தான் கதை. பில் கிடையாது. கணக்கைச் சுவரில் வெண்கட்டியால் எழுதுகிறார். என் கணக்குக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய 2019ஆம் ஆண்டுக் கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. கொம்பியூற்றர் உள்ள காரைப் படலைக்கு உள்ளேயே எடுக்கமாட்டார். உட்காரக் கதிரை இல்லை, ஒரு பழைய ஒஸ்ரின் பின்சீற்தான். என்னை அதிகமாகக் கடுப்பேற்றியது மாமரம். மூன்று கிழமை காரை அதன் கீழே விட்டார். காகமும் அணிலும் பொனற்றைப் படுத்தின பாட்டைப் பார்க்க அப்பா இல்லாதது நல்லது.

கூலி 22,000 ரூபா. காஸ்கெற், ரப்பர் வளையம், ஒயில், பேஸ்ற் எல்லாம் 17,500. மொத்தம் 39,500. ரைல்ஸ் பதித்த கராஜ் கூலிக்கு மட்டும் கேட்டது இதைவிட நாலரை மடங்குக்கும் மேல். மூலை வழிந்த அந்த நட்டுக்குப் பதிலாக ஒரு நட்டைத் தன் ரின்னுக்குள் தேடி எடுத்துப் போட்டார், அதற்குக் காசு எடுக்கவில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒன்றும் மாமரத்துக்காக.

அவர் சொன்ன இருபது கட்டையை அடுத்த ஞாயிறே ஓடினேன். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, கீரிமலை. சோக்கை அரை நிமிடத்தில் உள்ளே தள்ளிவிட்டேன். போகும்போது முதல் கொஞ்சத் தூரம் பின்னால் நீலப்புகை வந்தது, உள்ளே மிச்சமிருந்த ஒயில். கேணியடியில் நிற்பாட்டிவிட்டுத் திரும்ப ஸ்ரார்ட் செய்ய, ஒரே இழுவையில் எடுத்தது. சூட்டோடு காபரேற்றர் வாயில் காதை வைத்துக் கேட்டேன், பக்கத்தில் ஐஸ்கிறீம் விற்ற பொடியன் ஒருமாதிரிப் பார்த்தான். நாலும் ஒரே மாதிரி மூச்சு.

ஹெட் நட்டுகளை இன்னொருதரம் இறுக்கவேண்டுமாம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கவேண்டும் என்பதால் சனி பின்னேரமே கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார். பழைய போர்வை இரண்டைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன், காரை மூட.